சஞ்சார் சாத்தி: இணையதளம் போதும், செயலியை யோசித்து ஏற்றுங்கள்

தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி சேவையைப் பற்றிய முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொலைந்த போனை முடக்குவது, நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்ப்பது, பழைய போன் வாங்கும்முன் அதன் பூர்வீகத்தைச் சோதிப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கும் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இலவச வசதி. மூன்றையும் ஒரு பிரவுசரும் ஒரு ஓடிபியும் இருந்தால் இணையதளத்திலேயே முடித்துவிடலாம். அதே சேவையைச் செயலியாகப் போனுக்குள் ஏற்றும்போது கேட்கும் அனுமதிகள் வேறு ரகம். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இணையதளம் 2023 மே மாதம் தொடங்கியது. செயலி 2025 ஜனவரியில் வந்தது. 2025 நவம்பர் 28-ஆம் தேதி துறை ஒரு உத்தரவு போட்டது: இந்தியாவில் விற்கும் புதிய போன் எல்லாவற்றிலும் 90 நாளுக்குள் இந்தச் செயலி முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்க வேண்டும், முதன்முறை போனைத் திறக்கும்போதே கண்ணில் பட வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. எதிர்ப்பு கிளம்பியது. வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளலாம் என்று டிசம்பர் 2 அன்று அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா சொன்னார். மறுநாளே, மக்கள் தாங்களாகவே இதை ஏற்றுக்கொள்வது பெருகியிருப்பதாகக் காரணம் காட்டி, கட்டாயத்தைத் துறை விலக்கிக்கொண்டது. அதுவரை செயலியைப் பதிவிறக்கியவர்கள் 1.4 கோடி பேர் என்று அரசு கணக்குச் சொன்னது.

ஆறே நாளில் வந்துபோன உத்தரவு என்றாலும், அரசின் செயலியை ஒவ்வொரு போனிலும் கட்டாயமாக வைக்கலாமா என்று அது எழுப்பிய கேள்வி போகவில்லை. சேவை எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வருவோம்.

தொலைந்த போனை முடக்குவது

இந்தச் சேவையின் முதுகெலும்பு சி.இ.ஐ.ஆர். எனப்படும் ஐஎம்இஐ பதிவேடு. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. சிம் எதைப் போட்டாலும் இது மாறாது. நீங்கள் புகார் கொடுத்ததும் அந்த எண் கருப்புப் பட்டியலில் ஏறும். இந்தியாவின் எந்த மொபைல் நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. திருடியவர் சிம்மை மாற்றிப் போட்டால் அந்த முயற்சி பதிவாகி, போலீஸுக்குத் தடயம் கிடைக்கும்.

செய்யும் வரிசை முக்கியம். வரிசை தப்பினால் கையில் இருந்த வாய்ப்பு போய்விடும். பெரும்பாலோர் செய்யும் பிழை, முதல் வேலையாகச் சிம்மையும் ஐஎம்இஐயையும் முடக்க ஓடுவது. போனில் நெட் இருக்கும் வரைதான் கூகுளின் ஃபைண்ட் ஹப்போ ஆப்பிளின் ஃபைண்ட் மையோ அதைக் கண்டுபிடித்து உடனுக்குடன் பூட்டும். மொபைல் டேட்டா நின்றுவிட்டால் வைஃபை கிடைக்கும் இடத்துக்குப் போன் போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே முதல் ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் போனிலிருந்து உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து, போன் இருக்கும் இடத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தொலைவிலிருந்தே பூட்டுங்கள். அடுத்து, சிம் நிறுவனத்துக்குச் சொல்லி எண்ணை நிறுத்துங்கள். வங்கிக்குச் சொல்லி யுபிஐயையும் நிறுத்துங்கள்.

பிறகு காவல் நிலையம். தமிழ்நாட்டில் எடுத்த எடுப்பில் எஃப்ஐஆர் கிடைப்பது அரிது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். புகார் எண், தேதி, நிலையத்தின் பெயர் மூன்றும் படிவத்தில் கேட்கப்படும். ரசீதின் நகலையும் ஏற்ற வேண்டும். காவல் நிலையத்திலேயே பதிவேட்டில் ஏற்றிக்கொடுப்பதும் உண்டு. கேட்டுப் பாருங்கள், அலைச்சல் மிச்சம்.

அடுத்தது டூப்ளிகேட் சிம். படிவத்துக்கான ஓடிபி தொலைந்த போனில் ஓடிய அதே எண்ணுக்குத்தான் வரும், அதனால் இது இல்லாமல் நகர முடியாது. பலர் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். டூப்ளிகேட் சிம் உயிர்பெற்ற முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது. நம் எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பறிக்கும் சிம் மாற்று மோசடியைத் தடுப்பதற்காக வைத்த விதி அது. நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவாக அன்றைக்கே படிவத்தை அனுப்ப முடியாமல் போகும். ஓடிபி வரவில்லையே என்று பத்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டு இணையதளத்தைத் திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிம்மதி. படிவம் போன பிறகு முடக்கம் நடைமுறைக்கு வர இன்னொரு 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆக, போன் போன நேரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு நாள் அது நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கும். தொலைவிலிருந்து பூட்டுவதை முதலில் செய்யச் சொன்னது அதனால்தான்.

படிவத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. இரட்டைச் சிம் போனுக்கு ஐஎம்இஐயும் இரண்டு, இரண்டையும் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றொரு சிம் வழியாகப் போன் ஓடிக்கொண்டிருக்கும். எண் தெரியவில்லை என்றால் பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும், கடை பில்லில் இருக்கும், கூகுள் கணக்கில் சாதன விவரத்திலும் கிடைக்கும். படிவத்தை அனுப்பியதும் வரும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அந்த எண்தான் சாவி. கிடைத்த போனுக்கு முடக்கம் நீக்காமல் சிம்மைப் போட்டுப் பார்த்து, போன் கெட்டுவிட்டதென்று சர்வீஸ் கடைக்குப் போய்ப் பயனில்லை.

இது செய்யாதவற்றையும் சொல்லியாக வேண்டும். முடக்கப்பட்ட போன் வைஃபையில் வழக்கம்போல் ஓடும். வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அங்கே மொபைல் நெட்வொர்க்கிலும் ஓடலாம். ஐஎம்இஐயையே மாற்றிவிட்டால் அந்தப் போன் வேறு பெயரில் நடமாடும். அப்படி மாற்றுவதற்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அப்படியும் நடக்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2025 டிசம்பரில் அரசு சொன்னபடி, இருக்குமிடம் கண்டறியப்பட்ட போன்கள் 26 லட்சம். உரியவர் கைக்குத் திரும்பியவை 7.23 லட்சம். தடயம் கிடைத்த பிறகு போய் மீட்டு வருவது உள்ளூர்க் காவல் நிலையத்தின் வேலை. அங்கே ஆளும் நேரமும் இருந்தால்தான் போன் வரும். எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெயரில் உள்ள எண்கள்

அடையாளச் சான்று நகலை எங்கெங்கோ கொடுத்திருக்கிறோம். அதை வைத்து யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க டாஃப்காப் என்ற பகுதி. உங்கள் மொபைல் எண், படத்தில் தெரியும் எழுத்து, ஓடிபி மூன்றும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். ஒருவர் பெயரில் நாடு முழுவதும் சேர்த்து ஒன்பது இணைப்பு வரை வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. வரம்பை மீறினால் முதல்முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் என்கிறது சட்டம். ஆகவே ஆண்டுக்கு இரண்டு தடவையாவது பார்த்துவைப்பது நல்லது.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மூன்று தெரிவுகள் இருக்கும்: என் எண் அல்ல, எனக்குத் தேவையில்லை, தேவை. அவசரத்தில் அழுத்தாதீர்கள். நம் வீடுகளில் அப்பா பெயரில் ஐந்து சிம், மூத்த மகன் பெயரில் நான்கு என்றுதான் இருக்கும். அம்மா பயன்படுத்தும் எண் உங்கள் பெயரில் வாங்கியது என்பதை மறந்து, "என் எண் அல்ல" என்று அழுத்தினால், நிறுவனம் சரிபார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கலாம். அதோடு அம்மாவின் வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங், ரேஷன் கடை எஸ்எம்எஸ் எல்லாம் போகும். பட்டியல் வந்ததும் முதலில் அதைக் குறித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பேசுங்கள். யார் எண்ணும் இல்லை என்று உறுதியான பிறகு அழுத்துங்கள். அப்படியே, அம்மாவின் எண்ணை அம்மாவின் பெயருக்கே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பழைய போன் வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையிலோ பழைய போன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். காசு கொடுக்கும்முன் மூன்று நிமிடம் போதும்.

போனை வாங்கி *#06# அழுத்துங்கள். திரையில் ஐஎம்இஐ வரும். அதையும், செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் உள்ளதையும், பெட்டி ஸ்டிக்கரையும், பில்லையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் சொந்தப் போனில் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். நெட் தேவையில்லை, செயலி தேவையில்லை. வரும் பதிலில் நிறுவனத்தின் பெயரும் மாடலும் இருக்கும். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால் எண்ணில் கைவைத்திருக்கிறார்கள். கருப்புப் பட்டியலில் உள்ளது, நகல் எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, இவற்றில் எது வந்தாலும் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

இன்னொரு சின்னச் சோதனை, பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும். ஐஎம்இஐயின் முதல் எட்டு இலக்கம் மாடலைக் குறிக்கும். கடைசி இலக்கம் முந்தைய 14-ஐச் சரிபார்ப்பதற்காக வைத்தது. விளக்கங்களில் வழக்கமாகக் காட்டப்படும் 490154203237518 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டைப்படை இடத்து இலக்கங்களை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்குங்கள். 9 என்பது 18 ஆகி, மீண்டும் 9 ஆகும். 7 என்பது 14 ஆகி 5 ஆகும். மற்ற இலக்கங்கள் அப்படியே. முதல் பதினான்கின் கூட்டுத்தொகை 52. கடைசி இலக்கம் 8 சேர்ந்தால் 60. பத்தால் மீதியின்றி வகுபடுகிறது, எண் சரி. மனம்போன போக்கில் 15 இலக்கம் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு உண்மையான போனின் எண்ணை அப்படியே திருடிப் பதித்திருந்தால் இந்தக் கணக்கில் தப்பிவிடும். அதைப் பிடிக்கப் பதிவேடு வேண்டும். அரசின் மையப் பதிவேடு தேவையில்லை என்று வாதிடுபவர்களும் இந்த இடத்தில் அதன் பயனை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகள், பழைய போன் வாங்கி விற்பவர்களே இந்தப் பதிவேட்டில் சோதிக்க வேண்டும் என்கின்றன. கடைக்காரர் சோதித்ததாகச் சொன்னாலும் உங்கள் எஸ்எம்எஸ்ஸை நீங்கள் அனுப்புங்கள்.

சக்ஷு

மோசடி அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தி பற்றிச் சொல்ல 2024 மார்ச்சில் சேர்த்த பகுதி சக்ஷு. கடைசி 30 நாளுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். எந்த வழியில் வந்தது, என்ன வகை, எந்த எண், எந்த நேரம் என்று நிரப்பி, ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ஏற்றி, ஓடிபி கொடுத்தால் முடிந்தது. பணம் போவதற்கு முன் சொல்லும் இடம் இது. பணம் போய்விட்டால் இங்கே வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் ஒருமணி நேரத்தில் அழைத்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும்முன் நிறுத்த வாய்ப்பு அதிகம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இணையதளம் சின்ன எழுத்தில் சொல்வது பெரிய குறை. பதறிப்போய் வருபவர் கண்ணில் முதலில் படவேண்டியது 1930.

"தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்று வரும் அழைப்பு மோசடிதான். துறை அப்படி அழைப்பதில்லை. சஞ்சார் சாத்தி பெயரிலேயே போலிப் பக்கங்கள் வரக்கூடும் என்பதால், முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஓடிபி கொடுங்கள்.

இந்திய எண்போல் வேடமிட்டு வரும் வெளிநாட்டு அழைப்பைப் புகார் செய்வது, பின்கோடை வைத்து ஊரில் எந்த பிராட்பேண்ட் நிறுவனம் இருக்கிறது என்று பார்ப்பது போன்றவையும் இதில் உண்டு. தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

செயலி கேட்கும் அனுமதிகள்

ஆண்ட்ராய்டில் செயலி கேட்பவை இவை: போன் எண்ணைக் கண்டறிய அழைப்பு அனுமதி, பதிவுசெய்ய 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதி, மோசடி அழைப்பையும் செய்தியையும் தேர்ந்தெடுத்துப் புகார் செய்ய கால் லாக், எஸ்எம்எஸ் லாக், ஸ்கிரீன்ஷாட் ஏற்ற படங்கள், கோப்புகள், ஐஎம்இஐ பார்கோடை ஸ்கேன் செய்ய கேமரா. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, காரணங்கள் புரியும்படியும் இருக்கின்றன.

இப்போது ஐபோனைப் பாருங்கள். அங்கே கேட்பது கேமராவும் படங்களும் கோப்புகளும் மட்டும். கால் லாக்கையும் எஸ்எம்எஸ்ஸையும் எந்தச் செயலிக்கும் ஆப்பிள் திறந்துவிடுவதில்லை. அதனால் ஐபோன்காரர் மோசடி எண்ணைக் கையால் அடித்துப் புகார் கொடுக்கிறார். போனை முடக்கவும் சிம் பட்டியல் பார்க்கவும் ஐஎம்இஐ சோதிக்கவும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆக, ஆண்ட்ராய்டில் கேட்கப்படும் கால் லாக் அனுமதி மிச்சப்படுத்துவது பத்து இலக்கம் தட்டச்சு செய்யும் சிரமத்தை. அந்தச் சிரமத்துக்கு ஈடாக, நாம் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினோம் என்ற முழுப் பதிவையும் ஓர் அரசுத் துறையின் செயலி படிக்கக்கூடிய நிலையில் வைக்கிறோம். படிக்கிறார்கள் என்று இங்கே சொல்லவில்லை. வெளியிலிருந்து அதை உறுதிசெய்ய வழியில்லை என்பதே சிக்கல். 2020-இல் கொரோனா தொற்றுத் தொடர்பைக் கண்டறிய அரசின் ஆரோக்கிய சேது செயலி வந்தபோது இதே கேள்வி எழுந்தது. அந்த மே மாதமே அதன் ஆண்ட்ராய்டு மூல நிரலை (சோர்ஸ் கோடு) யாரும் படித்துப் பார்க்கும்படி அரசு பொதுவில் வெளியிட்டது. சஞ்சார் சாத்திக்கும் அதைச் செய்தால் பாதி சந்தேகம் தீரும்.

திரட்டும் தகவலை மூன்றாம் தரப்புக்குத் தருவதில்லை, சட்ட அமலாக்க அமைப்புகள் கேட்டால் தருவோம் என்பது செயலியின் தனியுரிமைக் கொள்கை. எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், நான் அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா என்ற இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வேண்டும். வழக்கறிஞரோடு பேசியவர், பத்திரிகையாளருக்குத் தகவல் சொன்னவர், வீட்டுக்குத் தெரியாமல் மருத்துவரை அழைத்தவர் ஆகியோருக்குக் கால் லாக் என்பது வெறும் எண்களின் வரிசையாக இருக்காது.

கட்டாயம் ஏன் வேறு விஷயம்

நாமே பிளே ஸ்டோரில் போய் ஏற்றும் செயலிக்கும் தொழிற்சாலையிலேயே ஏற்றி வரும் செயலிக்கும் தொழில்நுட்பத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் பகுதியில் வைத்து அனுப்பும் செயலியை நாம் முழுதாக அழிக்க முடியாது. அதிகபட்சம் முடக்கி வைக்கலாம். நவம்பர் உத்தரவு முடக்குவதையும் தடுத்தது. சிஸ்டம் செயலிகளுக்குச் சாதாரணச் செயலிக்குக் கிடைக்காத சிறப்பு அனுமதிகளைத் தர முடியும். அதைவிட முக்கியம் அப்டேட். இன்றைக்கு ஐஎம்இஐ பார்க்கும் செயலி, எல்லாப் போனிலும் குடியேறிய பிறகு அடுத்த அப்டேட்டில் என்ன செய்யும் என்பது நம் கையில் இருக்காது. நீக்க முடிகிற செயலியில் பிடிக்காத மாற்றம் வந்தால் நீக்கிவிடலாம். செயலியை எழுதியவர்களுக்கும் அந்த பயம் இருக்கும். அந்தக் கடிவாளம் நம்மிடம் இருப்பதுதான் பாதுகாப்பு.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அரசு அதற்குள் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்தத் தேவையின் அளவைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டுக்கும் துறையிடம் பதில் உண்டு. விதிகள் இருக்கின்றன, திருட்டுப் போனும் போலி ஐஎம்இஐயும் உண்மையான தொல்லைகள். தடுமாறுவது மூன்றாவதில். 14422-க்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பினால் தீரும் வேலைக்கு ஒவ்வொரு போனிலும் நீக்க முடியாத செயலி எதற்கு? இதற்கு அந்த ஆறு நாளில் நேரான பதில் வரவில்லை.

2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்குமே என்று கேட்கலாம். அதன் 17-ஆம் பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளை நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்கிவைக்க இடம் தருகிறது. தனியார் செயலியைக் கேள்வி கேட்கும் அதே பலத்தோடு அரசுச் செயலியைக் கேட்க முடியுமா என்பது அந்த அறிவிப்பைப் பொறுத்தது.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் எடைபோட்டாக வேண்டும். போலீஸ்போல் நடிப்பவர்கள் வீடியோ காலில் டிஜிட்டல் கைது என்று மிரட்டியதில் ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த முதியவரிடம் போய், செயலியை நீங்களாகத் தேடி ஏற்றியிருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. இணையதளம் இருப்பதே தெரியாதவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. அதற்குக் கண்ணில் படும்படி வையுங்கள். புதிய போனைத் திறக்கும்போது தமிழில் ஒரு திரை காட்டி, ஏற்றட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்பதற்கும் அதே அளவு பொத்தான் வையுங்கள். ரேஷன் கடையிலும் வங்கியிலும் 1930, 14422 இரண்டையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். செயலி தமிழ் உட்பட பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. அந்த உழைப்பு பாராட்டத்தக்கது.

முடக்கம் என்ற அதிகாரத்தின் மறுபக்கம் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. உங்கள் போனின் ஐஎம்இஐயை யாரோ நகலெடுத்து நூறு திருட்டுப் போனில் பதித்துவிட்டால், அந்த எண் கருப்புப் பட்டியலுக்குப் போகும்போது பில்லோடு வாங்கிய உங்கள் போனும் சேர்ந்து ஊமையாகலாம். 2024 நவம்பரில் வந்த சைபர் பாதுகாப்பு விதிகளின்படி அரசு நோட்டீஸ் கொடுத்து ஏழு நாளில் விளக்கம் கேட்கலாம். பொதுநலன் கருதி உடனடி நடவடிக்கை தேவை என்று கருதினால் நோட்டீஸ் இல்லாமலேயே முடக்கலாம், பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் முறையிடலாம். ஆட்டோ ஓட்டுபவருக்கும் உணவு டெலிவரி செய்பவருக்கும் போன் இல்லாத ஒரு நாள் என்பது வருமானம் இல்லாத ஒரு நாள். இணையதளத்தின் முகப்பில் "தவறாக முடக்கப்பட்டதா?" என்று ஒரு பொத்தானும், இத்தனை மணி நேரத்தில் பதில் என்ற உறுதியும் வேண்டும். இந்தச் சேவையில் உடனடியாகச் செய்யவேண்டிய ஒரே திருத்தம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். அதுவரை போன் பில்லைத் தூக்கி எறியாதீர்கள். படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

அதே நவம்பர் 28 அன்று இன்னோர் உத்தரவும் வந்தது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்றவை பதிவுசெய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே ஓட வேண்டும், கம்ப்யூட்டரில் திறந்திருப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்பது அது. வெளிநாடு போய் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு இந்திய எண்ணில் வாட்ஸ்அப் பேசும் நம் ஊர்க்காரர்களுக்கு அது நேராகப் படும். தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.

யார் எதை வைத்துக்கொள்வது

ஐபோன்காரர்கள் விரும்பினால் செயலியை ஏற்றலாம். கேமரா, படங்கள் அனுமதியைப் பயன்படுத்தும்போது மட்டும் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலோருக்கு இணையதளத்தை புக்மார்க் செய்து வைத்தாலே போதும். தினமும் நாலைந்து மோசடி அழைப்பு வந்து, அத்தனையையும் புகார் செய்ய நினைப்பவருக்குச் செயலி வசதிதான். அப்படி ஏற்றினால், பதிவு முடிந்ததும் செட்டிங்ஸில் செயலிகள், சஞ்சார் சாத்தி, அனுமதிகள் என்று போய், எஸ்எம்எஸ், கால் லாக் இரண்டையும் அனுமதிக்காதே என்று மாற்றுங்கள். படங்களுக்கு, தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு உங்கள் ஆண்ட்ராய்டில் இருந்தால் அதை வையுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு அதே பக்கத்தை மீண்டும் திறந்து, புதிதாக ஏதாவது அனுமதி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செயலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே *#06# அழுத்தி, வீட்டில் உள்ள எல்லாப் போனின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரில் போட்டு வையுங்கள். போன் தொலைந்த பிறகு அந்த எண்ணைத் தேடுவது மிகவும் கஷ்டம்.